பேட்டுக்குச் சுற்றிய துணி

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பரணை ஒழித்த நம் மகள், உங்கள் பூப்பந்து பேட்டை இறக்கி என் மடியில் வைத்தாள். கைப்பிடியை முகர்ந்து பார்த்தேன். உங்கள் வேர்வை வாசனை இன்னும் இருக்கிறது என்றால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன தெரியும்.

கல்யாணமான புதிதில் மதுரையில் வாங்கி வந்தீர்கள். கடையிலிருந்ததை எல்லாம் வீசி வீசிப் பார்த்து, தலை கனக்காத ஒன்றைப் பொறுக்கினீர்களாம். கைப்பிடிதான் ஒல்லி. மத்தியான பஸ்ஸுக்குத் திருச்சுழிக்கு ஆடப் போக வேண்டும். "இதுக்குத் துணி சுத்திக் குடு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். பக்கத்தில் அத்தை சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முன்னால் புருசன் கையைத் தொட்டு அளவு பார்க்க முடிகிற காலமா அது? எவ்வளவு தடிமன் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பழைய சேலையைக் கிழித்து, என் கைக்கு வாகாக வரும்வரை சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கை எங்கே, என் கை எங்கே!

தோற்று வந்தீர்கள். பேட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டீர்கள். மறுநாள் சோறு போடும்போது, கூடப் போயிருந்த கொழுந்தன்தான் விஷயத்தை உடைத்தார். பேட்டு கையில் நிற்காமல் வலையைத் தாண்டிப் பறந்ததாம். கூட ஆடியவர்கள் பிரித்துத் தடிமனாகச் சுற்றித் தருகிறோம் என்றார்களாம். நீங்கள் கொடுக்கவில்லையாம்.

"வீட்டுல சுத்துனது. யாரும் பிரிக்கக் கூடாதுன்னுட்டாக மதினி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்தது. இந்த மனுசர் வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? இந்த வீட்டில் நாம் எப்போதுதான் பேசிக்கொள்வது? துணியும் கையுமாக உங்கள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அத்தை அங்கேதான் இருந்தார்கள்.

"கையக் குடுங்க."

கொடுத்தீர்கள். அத்தை சுளகைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்கள். நான் சுற்றச் சுற்ற, பிடித்துப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு சுத்து" என்றீர்கள். போதுமான பிறகும் அதையேதான் சொன்னீர்கள். கள்ளத்தனம் எனக்குப் புரிந்தது. நானும் சுற்றிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத்தான் நமக்குப் பேச்சு ஆரம்பித்தது, நீங்கள் போகும்வரை ஓயவில்லை.

இன்றைக்குப் பிடித்துப் பார்த்தேன். என் விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை.

துணி அழுக்காக இருக்கிறது, பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றட்டுமா என்று மகள் கேட்டாள்.

"வீட்டுல சுத்துனது ஆத்தா. யாரும் பிரிக்கக் கூடாது" என்றேன்.