நீ தட்ட, நான் மீட்ட

மாப்ளே,

இன்று காலை காய் உலர்த்தும் அறையைத் திறந்தேன். வெக்கையோடு ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே போக முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆடி மழையில் நம் கிட்டார் நமத்துப்போயிற்று. மலையில் நனைந்தது எதுவானாலும் இந்த அறைக்குத்தானே வரும்! "காயே காயுது, இது காயாதா?" என்று நீதான் கொண்டுபோய் வைத்தாய். எடுத்தபோது பசை இளகி, கம்பி தாங்கும் கட்டை பெயர்ந்து நின்றது. உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! திருகாணி முடுக்கி ஒருவழியாக நிமிர்த்தினோம். அதற்கப்புறம் எந்தக் கம்பியைத் தொட்டாலும் சத்தம் டக்கென்று நின்றது. கப்பலில் வேலைபார்த்த உன் அண்ணன் கொண்டுவந்த ரெகே பாட்டுக் கேசட்டில் கேட்டுக் கேட்டு, மாதக்கணக்கில் நமக்குக் கைவராத அதே வெட்டுச் சத்தம். மூட்டைகளுக்கு நடுவில் நீ குதித்த குதி இருக்கிறதே!

சத்தம் வந்தது, தாளம் வரவில்லை. நீ காலி டின்னில் தட்டுவாய். இரண்டு தட்டுக்கு நடுவில் நான் மீட்டவேண்டும். கோயில் கொட்டுக்குப் பழகிய என் கை நேரே உன் தட்டின்மேல் போய் விழும். "அது என் சோலி மாப்ளே. நான் தட்டுறப்ப நீ சும்மா இரு. நான் சும்மா இருக்கையில நீ வா" என்பாய்.

பிறகு உனக்கு மஞ்சள்காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தத் தாளத்தை ஒழுங்காக வாசித்துவிட்டால் நீ எழுந்துவிடுவாய் என்று என் பைத்தியக்கார மனசு எப்படியோ நம்பிவிட்டது. வேலை வெட்டியை விட்டுப் பழகினேன். கிட்டாரை வேட்டியில் சுற்றிக்கொண்டு போடியில் ரயிலேறினேன். நீ கட்டில் கம்பியில் விரலால் தட்டினாய். நான் நடுவில் வந்தேன், தப்பாமல். "வந்துட்டியே மாப்ளே" என்று சிரித்தாய். பிழைத்துவிட்டான் என்றே ஊர் திரும்பினேன்.

மறுநாள் சேதி வந்தது. ஒழுங்காகத்தானே வாசித்தேன்? ஒரு இடம்கூடத் தப்பவில்லையே? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போதும் தினமும் வாசிக்கிறேன். நேற்று என் வீட்டுக்காரி, "மொத அடிய விட்டுட்டு விட்டுட்டு வாசிக்கிறீகளே, அதையும் சேத்து அடிச்சா என்ன?" என்றாள். அது நீ தட்டும் இடம் மாப்ளே. அந்த இடத்தில் என் கை பட்டுவிட்டால், நீ செத்துப்போனதை நான் ஒத்துக்கொண்டதாகிவிடும்.