முன்னறையில் கேட்டது

மார்ச் 6

அடியே ஆபீசரம்மா,

போய்ச் சேர்ந்தாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் பண்ணினால் "சரிக்கா, சரிக்கா, வைக்கிறேன்" என்று ஓடிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து. ஐந்தாவதோடு நின்றவள், பிழை பார்க்காதே.

அரசாங்க வேலையை உதறிவிட்டு "சமூகப் பணியாளர், தனி ஆலோசனை" என்று போர்டு மாட்டினாய். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் "இருக்கிறதைக் கொடுங்கள்" என்றாய். இப்போது அறை வாடகைக்காக இரண்டு மாதம் எங்கேயோ வகுப்பெடுக்கிறாய். ஊருக்கெல்லாம் பிழைக்க வழி சொல்கிறவள் பிழைப்பைப் பாரேன்! நீ சிரிக்க வேண்டாம், நானே சிரித்துக்கொள்கிறேன்.

"மே மாதம்தான் வருவார்" என்று கதவில் ஒட்டினேன். எல்லாரும் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நம் குடைக்காரர் மட்டும், அந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர், இன்று புதன் என்று நாலு மணிக்கு டாண் என்று வந்துவிட்டார். "தங்கச்சி இல்லைங்களே" என்றேன். "தெரியும்மா. நாலு மணிக்கு நான் வேற எங்க போறது?" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். "வெயிலுக்கு எதுக்குங்க குடை?" என்றால், "நீங்க அழுதா பிடிக்கத்தான்" என்கிறார். என் வாய்க்கு ஏற்ற ஆள்!

இப்படிக்கு,
உன் வாசல்காரி அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நான் வரும்வரை வேறொரு ஆலோசகரைப் பாருங்கள் என்று குடைக்காரரிடம் சொல்லி, நம்பரும் கொடுத்தேன். கேட்கவில்லை. வந்தால் உட்காரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ உட்காரும் முன்னறையில் யார் என்ன சொன்னாலும் அது அவர்களுடைய சொத்து. யாரிடமும் சொல்லாதே. எனக்கும் எழுதாதே, கடிதம் கைமாறும். போன வருடம் ஒரு பெண்ணின் வீட்டுக் கதையை நீ கடையில் போய் அவிழ்த்துவிட்டாய். அவள் அப்புறம் வரவே இல்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால் என் பிழைப்பு போய்விடும் அக்கா.

அன்புடன்,
தங்கச்சி

ஏப்ரல் 10

அடியே சட்டக்காரி,

வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவியும் தொலைந்துவிட்டது. கடைக்காரர், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்.

குடைக்காரர் ஒரு புதன்கூடத் தவறவில்லை. இன்று முகமே தெளிந்திருந்தது. முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை. "என்ன சார், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன். கிளம்பும்போது சில சங்கதிகள் சொன்னார். என்னவென்று எழுத மாட்டேன், உன் உத்தரவு! நான் ஒரு பதில் சொன்னேன் பார், மனுஷர் தெருமுனைவரை சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சம்பளம் போடு.

உன் ஊமை அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

போலீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. குடைக்காரர் போன வியாழக்கிழமை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எங்கள் சமூகப் பணியாளர் சங்கத்தில் என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். என் லைசென்ஸ் அவர்கள் கையில் இருக்கிறது.

போனில் உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. புதனன்று அவர் என்ன சொன்னார்? ஒன்றுவிடாமல் எழுது.

தங்கச்சி

ஏப்ரல் 22

தங்கச்சி,

வளர்த்த கிளியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்றார். வீட்டைச் சுத்தம் பண்ணி, சாவியை மகளுக்கு அனுப்பிவிட்டேன் என்றார். "அடுத்த புதன்லேருந்து உங்களுக்குத் தொல்லை இல்லம்மா" என்றார். நான், "அப்பாடா, டீத்தூள் மிச்சம்" என்றேன். மகள் வீட்டோடு போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள். "எது கேட்டாலும் உடனே சொல்லச் சொன்னாள் தங்கச்சி, நான்தான் மறந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் மார்ச் மாதக் கடிதத்தை எரித்துவிட்டேன். என்னிடம் பிடுங்க என்ன லைசென்ஸா இருக்கிறது? உன் பிழைப்பு நிலைக்கட்டும்.

அக்கா

மே 3

அக்கா,

நீ கொடுத்தது பொய் என்று நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன். உன் வாயைக் கட்டியது நான். ஒரு நம்பரைக் கையில் கொடுத்துவிட்டு வாடகைக்கு ஓடியதும் நான். ஒரு வருடம் தொழில் செய்யக்கூடாது என்றார்கள். வகுப்பும் போயிற்று. இங்கே ஒரு விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. அறையைக் காலி செய்துவிடு.

உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். இருக்கிறது அக்கா. கிளியைக் கொடுத்துவிட்டேன் என்ற மனுஷரிடம் உனக்கு டீத்தூளா ஞாபகம் வந்தது? இது தீரும்வரை எழுதாதே. நானே எழுதுகிறேன்.

தங்கச்சி

மே 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

போர்டைக் கழற்றும்போது ஒரு பெண் வந்து, "மேடம் எப்ப வருவாங்க?" என்றாள். இனி வரமாட்டாய் என்றேன். "பரவால்ல, இனிமே தேவைப்படாது" என்று சிரித்தாள். வாசலை மறித்து நின்று, "செத்துப்போகலாம்னு இருக்கியா?" என்று கேட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். அந்தக் கையை விடாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவள் எதிரிலேயே டாக்டரிடம் அத்தனையும் சொன்னேன். இப்போது வார்டில் இருக்கிறாள். பார்க்கப் போனால், "உங்கள நம்பித்தானே சொன்னேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

திரும்பிக்கொள்ளட்டும். உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும். நீயும் எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் கோபமாக இரு. நான் எழுத மாட்டேன்.

அக்கா