வலது பக்கம் மட்டும் சோகை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஃபேன் போட்டால் இரைச்சல், நிறுத்தினால் வியர்வை. நிறுத்தியாயிற்று. சேனலுக்கு ஒப்பீட்டு வீடியோ இந்த வாரமே போட்டாக வேண்டும். இரண்டு ஹெட்போன்.

கறுப்பு (கேமுக்கு): பேஸ் கும்மென்று. வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கிறது. பாட்டு போட்டால் பாடகருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

மர மூடி (பாட்டுக்கு): வயலின் தனி, மிருதங்கம் தனி. பாடுபவர் மூச்சு இழுப்பதுகூட. ஆனால் வலது பக்கம் சோகை. கேமில் வலப்பக்கமாக வந்தவன் காலடி கேட்கவில்லை. சுட்டுவிட்டான்.

சரவணனுக்குப் போன். என் கேம் கூட்டாளி. மர மூடி அவனுடையது.
"மாப்ள, ஒன் ஹெட்போனு வலது பக்கம் அவுட்டுடா."
"நேத்துவரைக்கும் நாந்தானடா கேட்டேன்? என்னத்தப் பண்ணித் தொலச்ச?"
கோபமாக வைத்துவிட்டான்.

ஜூன் 10, செவ்வாய்
கேஸ் புக் பண்ண வேண்டும். மறக்கக் கூடாது.

கறுப்பிலும் வலது சோகை. கேபிள் மாற்றினேன். லேப்டாப் மாற்றினேன். கடைசியில் மர மூடியைத் திருப்பி மாட்டினேன், இடது வலதாக. இப்போது இடக்காதில் சோகையாகக் கேட்க வேண்டும். இல்லை. வலதுதான்.

கழற்றி வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

முந்தாநாள், ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தானில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், மடியில் பிள்ளை. வலது தோளை ஒட்டி ஆளுயர ஸ்பீக்கர், அலறிக்கொண்டு. ஆசாரி வரத் தாமதம். எழுந்து தள்ளி உட்காரப் பார்த்தேன். அம்மா விடவில்லை.
"சபையில உக்காந்த தாய்மாமன் எந்திரிக்கப்படாதுய்யா. செத்த பொறு."
பொறுத்தேன். அன்றிலிருந்தே காதில் 'ஙொய்'. தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

"என் காத நம்புங்க" என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பிப்பேன். இனி எதை வைத்துச் சொல்வது? சரவணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

ஜூன் 11, புதன்
காலையில் போனை வலக்காதில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. இடதுக்கு மாற்றினால் கேஸ்காரர் கத்திக்கொண்டிருக்கிறார்.

கே.கே. நகர், காது டாக்டர். டோக்கன், கூட்டம், டிவியில் சமையல். பிறகு கண்ணாடி அறை. பழைய ஹெட்போன், குஷன் கிழிசல். என்னிடம் வந்திருந்தால் வீடியோவில் கழுவி ஊற்றியிருப்பேன்.

"சத்தம் கேட்டா கையத் தூக்குங்கண்ணே," என்றார் டெஸ்ட் எடுக்கும் பெண். இடது முடிந்தது. எல்லாம் கேட்டது. அடுத்து அமைதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் பட்டன்மேல் அவர் விரல் தெரிந்தது. விரல் அசையும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். கிறுக்குத்தனம்தான். டெஸ்டில் தோற்க மனம் வரவில்லை.

கதவைத் திறந்தார். "இன்னும் வலது பக்கம் மாத்தவே இல்லண்ணே, இடதுக்குத்தான் ரிசல்ட்டு தட்டிக்கிட்டிருந்தேன். எதக் கேட்டுக் கையத் தூக்குனீக?"
அசடு வழிந்தேன்.
"கண்ண மூடிக்கிருங்க. இப்ப வைக்கிறேன்."

மூடினேன். எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். காத்திருக்கும்போதே தோளில் கை.
"முடிஞ்சிருச்சுண்ணே."