கரும்பலகையில் முதல் பெயர்

சத்தியவேடு
11 நவம்பர் 2025

அன்புள்ள நாமகிரி அக்காவுக்கு,

தாட்சாயணி எழுதுவது. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் திருப்பதிக்கு வேலையாக வரும் அட்டெண்டர் கங்கையாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, என் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறீர்கள். அதன் பலனைக் கேளுங்கள். கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனதிலிருந்து பத்தாம் வகுப்புக்கு மூன்றாம் பீரியடில் ஆளில்லை. பேசுகிறவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுத வேண்டும், நீங்கள் கொண்டுவந்த வழக்கம்தான். நேற்று வகுப்பு சந்தை மாதிரி இரைந்தது. போய்ப் பார்த்தால் நான்கைந்து பேராகக் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் ஒரு பெயர் இல்லை. லீடர் ஹரிதாவைக் கேட்டேன்.

“அல்லாரும்தான் பேசிக்கினு இருந்தோம் மேடம். தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறோம்.”

“பேசினவங்க பேரை எழுது” என்றேன். சாக்பீஸை எடுத்துத் தன் பெயரை எழுதிவிட்டு நின்றாள். பின் பெஞ்சில் சிரிப்பு. நாற்பது பிள்ளைகள் முன்னால், அக்கா.

அவள் அப்பா சின்னசாமியை என் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கு வரவழைத்தேன். “எழுதித் தொலைடின்னா மாட்டேங்கிறா மேடம். டி.சி.யக் குடுத்துடுங்க, கழனிக்கு வரட்டும்” என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பெயர்களை எழுத வேண்டும். இல்லாவிட்டால் டி.சி.தான். அரசுப் பரீட்சை எழுதுவோர் பட்டியல் சனிக்கிழமை போகிறது. அதில் அவள் இருக்கமாட்டாள்.

என் மகன் யஸ்வந்த் உங்கள் வகுப்பில் லீடராக இருந்த வருஷம் நீங்கள் ஒருநாளாவது வகுப்பை எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததா? இதுவா நீங்கள் சொல்லிக்கொடுத்தது?

உங்கள்
தாட்சாயணி


திருப்பதி
12 நவம்பர் 2025

அன்புத் தங்கை தாட்சாயணிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். கங்கையா காபி குடிக்கும் நேரத்துக்குள் இதை முடிக்க வேண்டும்.

நான் சொல்லிக்கொடுத்தது இதுவல்ல. மைக்கை எப்படிப் பிடிப்பது, வந்த விருந்தினரை எப்படி வரவேற்பது, இவ்வளவுதான் என் பயிற்சி. ஹரிதா செய்தது என் நோட்டில் இல்லாதது. ஆளில்லாத பீரியடை அவள் நடத்தியிருக்கிறாள். தண்டனை வந்தபோது முதல் ஆளாகத் தானே போய் நின்றிருக்கிறாள். இதற்குப் பயிற்சி கொடுக்க எனக்கே தெரியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வழக்கம் உனக்குத் தெரியுமே. ஆனால் இது உனக்கு வலிக்கும்.

யஸ்வந்த் வருஷத்தில் நளினி என்று ஒரு பெண், நினைவிருக்கிறதா? ஐந்து நாள் தொடர்ந்து அவள் பெயர் பலகையில் இருந்தது. ஐந்தாம் நாள் அவளை வெயிலில் முட்டி போட வைத்தேன். பொங்கல் லீவுக்குப் பிறகு அவள் வரவே இல்லை.

போன மாதம் திருமலையில் அன்னதானக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். அங்கே பரிமாறும் வேலையில் இருப்பவள் ஒருத்தி சாம்பார் வாளியோடு வந்து நின்றாள். “டீச்சர், சத்தியவேடு நளினி. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க.” கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

“அன்னிக்கி நான் பேசவே இல்ல டீச்சர். லீடருக்கு ரெகார்டு நோட்டு எழுதித் தரமாட்டேன்னு சொன்னேன். அதான் பேர் எழுதினாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பந்திக்கு இலை போடப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, தாட்சாயணி. உன் பிள்ளை என்பதால் நான் விசாரிக்கவில்லை. தினமும் மதியம் உன் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு எப்படிக் கேட்பது? நல்ல லீடர் என்று அவனுக்குப் பரிசும் கொடுத்தேன்.

ஒரு பெண்ணைப் பலகையில் வைத்து இழந்துவிட்டேன். நீ இன்னொருத்தியை இழக்காதே. டி.சி.யில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்
நாமகிரி


சத்தியவேடு
15 நவம்பர் 2025

நாமகிரி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு பெங்களூருக்கு, யஸ்வந்துக்கு, போன் செய்தேன். அங்கே இருபது பேருக்கு மேல் அவன்தான் மேனேஜர் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது உங்களுக்குத் தெரியும்.

“எந்த நளினிம்மா?” என்றான். ரெகார்டு நோட்டு என்றதும் சிரித்தான். “ஸ்கூல்ல அல்லாரும் செய்யறதுதானே. அத இப்ப எதுக்குக் கெளர்ற?”

போனை வைத்துவிட்டேன்.

நேற்று சின்னசாமி வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். எழுதிவைத்த டி.சி. மேஜைமேல் இருந்தது. “எழுதுறியா?” என்று கேட்டேன். “மாட்டேன் மேடம்” என்றாள் ஹரிதா. “மூணாவது பீரியட் ஆரம்பிச்சாச்சு, போ” என்று வகுப்புக்கு அனுப்பினேன்.

“அப்போ டி.சி. மேடம்?” என்றார் சின்னசாமி. கிழித்துக் கூடையில் போட்டேன். “எங்களை இன்னாத்துக்கு இத்தினி நாள் அலைய வெச்சீங்க?” என்று கேட்டார்.

இன்று போன பட்டியலில் அவள் பெயர் பதினேழாவது. பலகையில் பெயர் எழுதும் வழக்கம் திங்கள் முதல் கிடையாது.

நீங்கள் இனிச் சனிக்கிழமை வர வேண்டாம். பிள்ளைகளுக்கு நான் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷம் சந்தேகத்தை வைத்துக்கொண்டே என்னைச் சந்தோஷமாக இருக்க விட்டீர்கள். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கங்கையாவிடம் எழுதிக் கொடுங்கள். நளினிக்குக் காலை வேலையா, மதியமா? டிசம்பர் முதல் வாரம் யஸ்வந்த் வருகிறான். மலைக்குக் கூட்டிப்போகிறேன். சாமி பார்க்க என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

தாட்சாயணி