எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

கார்த்திகை 9, வெள்ளி

காலையிலிருந்து தூறல். தறியில் நூலெல்லாம் பிசுபிசுப்பு. கிருஷ்ணாயில் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

சாயங்காலம் முதலாளி வீட்டில் டி.வி. எள் போட இடமில்லை. துப்பறியும் தொடர். இன்று கொலைகாரனின் பெண்டாட்டியே இன்ஸ்பெக்டரிடம், அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆம்பிளைகள் ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"எந்தப் பொண்டாட்டி புருஷன இப்டிக் காட்டிக் குடுப்பா? கதை எழுதினவன் கல்யாணமே ஆவாதவன்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தொடரில் பிணம் கண் சிமிட்டியது. இன்ஸ்பெக்டர் கொட்டுகிற மழையில் வந்து சொட்டு ஈரமில்லாமல் நின்றார். அதையெல்லாம் நம்புவார்கள், அவள் வாய் திறந்ததுதான் பொய்யாம். எனக்குக் குறை வேறு. சொல்வதற்கு முன்னால் அவ்வளவு நேரம் அழுதாளே, அது எதற்கு?

10, சனி

மழை விட்டது. உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

லட்சுமி வந்தாள். எங்களுக்கு ராட்டினத்தில் நூல் சுற்றித் தருபவள். முதலாளி கொடுத்த ஜரிகை காணாமல் போனதிலிருந்து தெருவே அவளைத் திருடி என்கிறது. கிளப்பிவிட்டது என் வீட்டுக்காரர். நாளை முதலாளி விசாரிக்க வருகிறார். அவர் வாயிலும் திருடி என்று வந்துவிட்டால் இந்த ஊரில் அவளுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள்.

வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நீயாவது நம்புறியாக்கா?"

நம்புவதற்கு என்ன இருக்கிறது, எனக்குத் தெரியும். அமாவாசையன்று இங்கே யாரும் நூலைத் தொடுவதில்லை. போன அமாவாசைக்கு லட்சுமியும் வரவில்லை. நாங்கள் மட்டும் அவசரச் சேலை என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தோம். முடித்ததும் ஜரிகையை நானே பரணில் வைத்தேன். மறுநாள் அவள் வருவதற்கு முன்பே காணோம். இடையில் வீட்டில் இருந்தது நானும் அவரும்தான்.

அவரிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. அமாவாசையில் வேலை செய்தது வெளியே தெரிந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது, வாயை மூடு என்றார். அந்தத் தைரியம்தான் அவருக்கு.

11, ஞாயிறு

நல்ல வெயில். முதலாளி வந்தார். லட்சுமி வந்தாள். பாதித் தெரு வாசலில். காபி போட்டேன், பால் கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அந்தப் பெண்தான், சந்தேகமே இல்லை என்று. தட்டைக் கீழே வைத்தேன்.

"லட்சுமி எடுக்கலைங்க. அமாவாசை அன்னிக்கு நாங்க கதவச் சாத்திக்கினு வேலை செஞ்சோம். அப்ப ஜரிகை இருந்துது. விடிஞ்சு அவ வர்றதுக்குள்ள இல்ல. எடுத்தது இந்த வீட்டு ஆளு."

முதலாளி அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். லட்சுமி வாசலைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

தெருவுக்குத் திருட்டு பெரிதில்லை. அமாவாசையில் நூலைத் தொட்டார்களாமே, அதுதான் பேச்சு. பேசட்டும். வாய் வலித்தால் நிறுத்துவார்கள்.

12, திங்கள்

மேகமூட்டம். அவர் சோறு தொடவில்லை. காலையில் ஒரே ஒரு வார்த்தை: இனிமேல் உன்னோடு தறியில் உட்கார மாட்டேன்.

சேலை பாதியில் நிற்கிறது. கோர்வைச் சேலை. கரையைச் சேலையின் உடலோடு சேர்க்க ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தாக வேண்டும். முதலாளி, சேலையை முடித்துக் கொடு, மற்றதை அப்புறம் பேசலாம் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தறியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உலை கொதிக்கும்வரை பார்ப்பேன். வரவில்லையென்றால் அவர் இடத்துக்கு நான் நகர்ந்துகொண்டு, என் இடத்துக்கு லட்சுமியைக் கூப்பிடுவேன்.