போகாது என்று நான் சொன்ன சொல்

இன்று காலை அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றபோது, சக்கரங்களுக்கு விடும் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. ரயில் வேலையில் இருந்தவரை உம்முடைய துண்டில் இருந்த வாசனை. நீர் கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

ஒரே தெருவில் வளர்ந்தோம். நான் இங்கிலீஷ் படித்து ரயில்வே ஆபீசில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். நீர் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஆனீர். ஓர் ஐப்பசி மழையில் உம் ஸ்டேஷனில் சரக்கு வண்டி தடம் புரண்டு, எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவரின் கால் நசுங்கியது. விசாரிக்க வந்த துரைக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பிளாட்பாரத்தில் போலீஸ்காரர் நடந்துகொண்டிருந்தார். நீர் அவரைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர்.

"இங்கன சொல்லுதது அங்கன போவுமா வே?"

துரையிடம் கேட்டேன். காரணம் தெரிந்தால்தான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும், தண்டிப்பது தன் வேலை இல்லை என்றார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

"போகாது. தைரியமாச் சொல்லும்" என்றேன்.

சொன்னீர். தடம் மாற்றும் லீவரை அசையாமல் பிடிக்கும் கொண்டி தேய்ந்து, இரண்டு மாதமாகச் சரியாக விழவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் கல்லை முட்டுக்கொடுத்துச் சமாளித்தீர். அன்று மழையில் கல் வழுக்கிவிட்டது. லீவரே நொறுங்கிக் கிடந்தது. நீர் சொல்லியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திராது.

மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டு உம் வாக்குமூலக் காகிதத்தைக் கேட்டு வாங்கியது. நான் எழுதியதை என் வாயாலேயே படிக்க வைத்தார்கள். கூண்டில் நின்ற உம்மை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உமக்குப் பாளையங்கோட்டை ஜெயிலில் மூன்று மாதம்.

நீர் வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன்.

"கொண்டிய மாத்திட்டாவளா?" என்று கேட்டீர்.

"இந்த லைன்ல எல்லா ஸ்டேஷன்லயும் மாத்தியாச்சு."

"அப்பம் சரி."

ஆற்றுக்குப் போனோம். முதுகு தேய்க்கச் சொல்லித் திரும்பினீர். எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. அழுதுவிட்டேன்.

"ஏன் வே அழுதீரு? நீரா பிடிச்சுக் குடுத்தீரு?" என்றீர். கரையேறும்போது பையச் சொன்னீர்: "ஆனா இனிமே எவன்கிட்டயும் போவாதுன்னு சொல்லாதியும்."

வேலை உமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வயலுக்குப் போனீர். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகப் பேசியதில்லை.

மறுவருஷம் இன்னொரு விபத்து. விசாரணைக்கு வந்த எல்லோரும் "தெரியாது ஐயா" என்றார்கள். உமக்கு நடந்தது லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. காரணம் கடைசிவரை தெரியவில்லை. துரையிடம் சொன்னேன்: "விசாரணை வேறு, வழக்கு வேறு என்று பிரியுங்கள். போலீஸ் தன் சாட்சியைத் தானே தேடட்டும்." அவர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் இல்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகு அதையே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விசாரணைக்கு வருகிறவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: "நீங்க சொல்லுதது கோர்ட்டுக்குப் போகலாம். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை." பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எப்போதாவது ஒருவர் "எழுதுங்க ஐயா" என்கிறார்.

அப்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒருதரம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.