பீடிங்குக்குப் பின்னால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அதை எழுத மாட்டேன் என்கிறது. யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதை மீறித்தான் இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் மாமனார் மாமியாரும் உங்களோடு வருகிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடத்துக்குப் புது பெயின்ட், சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் சுற்றிலும் பூவேலை செய்த மரப் பீடிங். எதற்கு இந்த ஆடம்பரம் என்றதற்கு, சம்பந்திங்க அண்ணாந்து பாத்தா அசந்துபோகணும்டி என்றார். உள்விஷயம் வேறு. பின்சுவரின் உச்சியில் ஒரு விரிசல் ஓடியிருந்தது, அதை மறைக்கத்தான் இத்தனையும். பழைய வீடென்றால் நாலு கோடு இருக்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். வேலைக்கு வந்தவர் தெருமுனைத் தச்சர், நீ சின்ன வயதில் மெதுவண்ணன் என்று பேர் வைத்தாயே, அவர்தான். பின்சுவர் நீளத்துக்கு ஒரே துண்டாகப் பீடிங் கிடைக்கவில்லை, இரண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. முனைகளை நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைத்து, பசை தடவி, மெல்லிய ஆணி அடித்து, இடுக்கைப் பட்டி மாவால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தார். வாசலில் நுழைகிறவர் கண்ணுக்கு அந்த ஒட்டு படவே படாது. தெரியாமல் ஒட்டுப் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்கிற உன் தையல்கார அப்பா, ஏணியில் ஏறித் தடவிப் பார்த்துவிட்டு, நல்லவேளை நீ தையலுக்கு வரல, என் பொழப்பு தப்பிச்சுது என்று அவர் முதுகில் தட்டினார்.

அடுத்த வாரமே ஒட்டு வாயைப் பிளந்தது. மெதுவண்ணன் வந்து மறுபடி பட்டி வைத்தார், மறுபடி பிளந்தது. அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை, பசையில் கஞ்சத்தனம் செய்துவிட்டதாகத் தெருவே கேட்கத் திட்டி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் தினமும் கடையிலிருந்து வந்ததும் அப்பாவே ஏணி ஏறுவார், பட்டி வைப்பார், தேய்ப்பார். சாப்பாட்டுத் தட்டில்கூடப் பட்டித் தூள். கொல்லைப்பக்கக் கதவு மூட வராமல் தரையைத் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் இது பசையின் கோளாறு இல்லை என்று எனக்குப் பட்டது. பக்கத்து மனையில் கட்டட வேலை பார்க்கிற இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்து பின்பக்க அஸ்திவாரத்தை அரிக்கிறதாம். ஒட்டுல தப்பில்லம்மா, சுவர்தான் நகருது, உடனே காலி பண்ணிடுங்க என்றது அந்தப் பெண். அப்பா கேட்டால்தானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கத்தினேன், காலைப் பிடித்தேன், பட்டினி கிடந்தேன். சம்பந்திங்க வந்துட்டுப் போற வரைக்கும் தாங்கும் என்ற ஒன்றைத் தவிர வேறு பதில் வரவில்லை. கடைசியில் என் கட்டிலை இழுத்து அந்தச் சுவரை ஒட்டியே போட்டுக்கொண்டேன், தாங்கும் என்றால் எனக்கும் தாங்கட்டும் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முந்தாநாள் காலையில் மறுபடி ஏணி ஏறினார். ஒட்டைச் சரிசெய்ய உளியை நுழைத்ததும் பீடிங் முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது. பின்னால் இருந்த பிளவில் கையை விட்டுப் பார்த்தார், மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. வெளிக்காத்து வருதுடி என்றார், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. இறங்கி வந்து என் தோளைப் பிடித்துத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். செருப்புகூடப் போடவில்லை. மத்தியானம் பின்சுவர் கூரையோடு சேர்ந்து இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது மெதுவண்ணன்தான், அண்ணே, அண்ணி எங்கே என்று கேட்டுக்கொண்டே கல்லைப் புரட்டப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து, தெருவில் நின்ற என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

இப்போது கடையின் பின்னறையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறோம். நான் எப்படியும் இருந்துவிடுவேன், எனக்குப் பயம் உன் அப்பாவைப் பற்றித்தான். தையல் மெஷினில் உட்காருகிறார், மிதிப்பதில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறார். உன் கட்டில் அங்கதானே இருந்துச்சு, உன் கட்டில் அங்கதானே இருந்துச்சு, நாள் முழுக்க இது ஒன்றுதான். நான்தான் இதோ இருக்கிறேனே என்று எதிரில் நின்று சொன்னாலும் காதில் விழவில்லை. டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். கட்டிய பெண்டாட்டி சொல்லி ஆகாதது, பெற்ற பெண் சொல்லி ஆகுமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை அவரே உனக்குப் போன் செய்வார். குரலைத் தெளிவாக வைத்துக்கொண்டு, கடையில வேலை நெருக்குது, அடுத்த வருஷம் வாங்கம்மா என்பார், அதை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். சரிப்பா என்று சொல்லிவிடாதே. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, அவர் அம்மா அப்பாவிடமும் உள்ளதை உள்ளபடி சொல். அதற்குப் பிறகும் அவர்கள் வந்தால் நமக்குப் பெருமை, வராவிட்டால் வருத்தமில்லை. நீ வா. உன்னைப் படுக்கவைக்க ஓர் அறை இல்லை, உட்காரவைக்க ஒரு நல்ல நாற்காலி இல்லை, இருந்தாலும் வா.

அழுதுகொண்டே சாப்பிடாமல் இருந்துவிடாதே, உனக்கு உடனே தலைவலி வந்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறுபடி சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன பொய் சொன்னாலும் குறுக்கே பேசாதே, முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். முடித்ததும், டிக்கெட் எடுத்தாச்சுப்பா என்று மட்டும் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா